மலையின் உயரமே இரவு வானத்தைக் காத்துவிடுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மலைப்பகுதியில் உள்ள சில ஊர்கள் ஒன்றுகூடித் தங்கள் இரவு வானத்தின் இருளைக் காக்க விரும்புகின்றன. மலை உயரமாக இருப்பதே பாதுகாப்பு ஆகாதா, தெருவிளக்குகளைக் குறைத்தால் போதுமா, குறைத்தால் மக்களுக்கு ஆபத்து நேராதா, ‘இருள் வான் காப்பகம்’ என்ற பன்னாட்டு அங்கீகாரத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா என்று நான்கு ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன.

உயரம் காக்காது, தெருவிளக்கு மட்டும் போதாது, முறையாகச் செய்தால் ஆபத்து இல்லை, விண்ணப்பத்துக்கு அவசரம் வேண்டாம். இவ்வளவுதான் என் பதில். ஆனால் காரணங்கள் தெரியாமல் இதை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், செலவு ஒரு பக்கமும் வானம் இன்னொரு பக்கமுமாகப் போய்விடும். மலை வானம் உச்சியில் கெடுவதற்கு வெகுமுன்பே அடிவானத்தில் கெடத் தொடங்குகிறது என்பதும், அதைக் கெடுப்பது பெரும்பாலும் கிடைமட்டத்துக்குச் சற்று மேலாக வெளியேறும் ஒளிதான் என்பதும் மனத்தில் பதிந்துவிட்டால், மற்றவை எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

உயரத்தால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. தூசியும் ஈரப்பதமும் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடுகின்றன. ஆகவே தலைக்கு நேர் மேலுள்ள வானம் நன்றாகக் கறுத்துத் தெரிகிறது. ஆனால் அதே உயரம் அடிவானத்தை வெகுதொலைவுக்குத் தள்ளிவிடுகிறது. சுற்றியுள்ள சமவெளியைவிட 2,500 மீட்டர் உயர்ந்து நிற்கும் முகட்டிலிருந்து பார்வை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வரை எட்டும். சமவெளியில் வாழ்பவருக்கு மரங்களும் கட்டடங்களும் பூமியின் வளைவும் திரையாக நின்று தொலைநகரங்களை மறைக்கின்றன. மலைமுகட்டில் நிற்பவருக்கு அந்தத் திரை இல்லை. ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்காக 1988-இல் இயற்றப்பட்ட வானக் காப்புச் சட்டம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் ரோக்கே தே லோஸ் முச்சாச்சோஸ் வானாய்வகம் அமைந்துள்ள லா பால்மா தீவு முழுவதும் அதன் வரம்புக்குள் வருவதோடு, கடலுக்கு அப்பால் தனியாகக் கிடக்கும் டெனெரிஃப் தீவில் லா பால்மாவிலிருந்து நேராகக் கண்ணில் படும் பகுதிக்கும் அது பொருந்துகிறது. சட்டத்தின் எல்லையைப் பார்வைக் கோடு தீர்மானித்த அரிய எடுத்துக்காட்டு அது. மலைக்கு விதி எழுதுகிறவர்கள் நிருவாக வரைபடத்தை விரிப்பதற்கு முன், முகட்டிலிருந்து எவையெல்லாம் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும்.

தொலைவு எவ்வளவு உதவும் என்பதற்கு வானியலர்கள் ஒரு தோராய விதியைப் பயன்படுத்துகிறார்கள். மெர்ல் வாக்கர் என்ற அமெரிக்க வானியலர் 1970-களில் கலிபோர்னிய நகரங்களை அளந்து வகுத்தது அது: ஒரு நகரத்தால் வானில் ஏறும் ஒளிர்வு அதன் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்திலும், தொலைவின் இரண்டரை அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். தொலைவு இரட்டிப்பானால் பாதிப்பு ஏறத்தாழ 5.7 மடங்கு குறையும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்மையான பாடம் கிடைக்கிறது. 50 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள 1 லட்சம் பேர் வாழும் நகரம் உங்கள் வானத்துக்குச் செய்யும் கேட்டை, 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் 1,800 பேர் கொண்ட சிற்றூரே செய்துவிட முடியும். கூட்டங்களில் பெருநகரத்தைக் குறை சொல்லிக் கலைவது எளிது. பக்கத்து மலைச்சரிவில் உள்ள தங்கும் விடுதி, அங்காடித் தெரு, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைத் திருத்துவதில்தான் பலன் விரைவாகக் கிடைக்கும்.

இனி, ஒளி எந்தக் கோணத்தில் வெளியேறுகிறது என்பது. செங்குத்தாக மேலே போகும் ஒளி அடர்ந்த கீழ்க்காற்றை விரைவில் கடந்து விண்வெளிக்குப் போய்விடுகிறது. கிடைமட்டத்துக்கு மேலே சுமார் 10 பாகைக்குள் வெளியேறும் ஒளியோ பல பத்துக் கிலோமீட்டர் தூரம் தாழ்ந்த, தூசி மிகுந்த காற்றுக்குள்ளேயே ஊர்ந்து செல்கிறது. வழியெங்கும் சிதறிக்கொண்டே போகிறது. தொலைவில் உள்ள இருண்ட பகுதிகளைக் கெடுப்பதில் இதுவே முதன்மையானது. சமவெளி நகரத்தில் இந்தத் தாழ்கோண ஒளியில் ஒரு பங்கைச் சுவர்களும் மரங்களும் விழுங்கிவிடுகின்றன. மலைச்சரிவில் ஒரு வீட்டின் விளக்குக்கு எதிரே அடுத்த வீட்டின் கூரைகூட இருப்பதில்லை, நேரே வெட்டவெளிதான். ஆகவே ஒரே விளக்கு சமவெளியில் செய்வதைவிட மலைச்சரிவில் மிகுதியான கேட்டைச் செய்கிறது.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுவதால், 450 நானோமீட்டர் நீல ஒளி 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிதறுகிறது. காற்று தெளிவாக இருக்கும் மலைகளில் தூசியின் பங்கு குறைந்து மூலக்கூறுகளின் பங்கு மேலோங்குவதால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். இருளுக்குப் பழகிய மனிதக் கண்ணும் நீலப்பச்சைப் பகுதியில்தான் மிகக் கூர்மையானது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு அதே அளவு வெளிச்சம் தரும் குளிர்வெள்ளை எல்இடியை மாட்டிய ஊர்களில், மின் கட்டணம் குறைந்தும் வானம் வெளுத்துப்போனது இதனால்தான்.

மலைக்கே உரிய வேறு மூன்று நிலைமைகளும் உண்டு. முதலாவது, பள்ளத்தாக்கில் இரவில் குளிர்ந்த காற்று தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்வது. புகையும் தூசியும் அந்த மூடிக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும். பள்ளத்தாக்கு விளக்குகள் அந்தப் படலத்தை ஒளிரச் செய்துவிடும். இரண்டாவது, மேகம். முகட்டுக்குக் கீழே மேகக்கடல் பரவினால் அது ஊர் விளக்குகளை மறைத்து வானத்துக்கு நன்மையே செய்கிறது. மேகம் தலைக்கு மேலே நின்றால் ஒளியைத் திருப்பி அனுப்பித் தரையையே வெளிச்சமாக்கிவிடுகிறது. மூன்றாவது, பனி. தார்ச்சாலை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கையே திருப்பி அனுப்புகிறது. புதிதாக விழுந்த பனி எட்டு, ஒன்பது பங்கைத் திருப்பிவிடுகிறது. அப்போது மிகச் சரியாக மறைப்பிட்ட விளக்கின் ஒளிகூடத் தரையில் பட்டு மேலேறிவிடும். பனி மூடிய இரவுகளில் பாதையைக் காண்பதற்கு முன்பைவிடக் குறைந்த ஒளியே போதும் என்பதால், பனிக்காலத்துக்கென்று விளக்குகளின் திறனைத் தனியாகக் குறைத்து வைப்பது இயல்பான தீர்வு. இதைச் செய்யும் ஊர்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்நிலை தெரியாவிட்டால், மூன்று ஆண்டுக்குப் பிறகு ‘வானம் மேம்பட்டுள்ளது’ என்று சொல்ல எந்த ஆதாரமும் இராது. எஸ்க்யூஎம் எனப்படும் கையடக்க வான் ஒளிர்வு அளவி இதற்குப் போதும். அது தரும் எண் ஒரு சதுர வில்நொடிக்கு (வானின் மிகச் சிறிய ஒரு துண்டுக்கு) இத்தனை மேக்னிட்யூட் (வானியலர்களின் ஒளிர்வு அலகு) என்ற அளவில் இருக்கும். எண் கூடினால் இருள் கூடுகிறது என்று பொருள். செயற்கை ஒளியே படாத வானம் 22-ஐ ஒட்டி இருக்கும். 19.5 என்று காட்டினால் வானம் இயற்கை நிலையைப் போல் பத்து மடங்கு ஒளிர்கிறது என்று கொள்ள வேண்டும், ஏனெனில் இந்த அளவில் இரண்டரை எண் வேறுபாடு என்பது பத்து மடங்கு வேறுபாடு.

அளக்கும் முறையில் கவனம் தேவை. நிலா இல்லாத, மேகமற்ற இரவில், சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகைக்கும் மேல் இறங்கிய பிறகு, கருவியை வெளிக்காற்றின் குளிருக்குச் சிறிது நேரம் பழகவிட்டு, நேர் மேலே காட்டி நான்கைந்து முறை அழுத்த வேண்டும். முதல் அளவைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். பால்வெளி தலைக்கு மேலே நிற்கும்போது எடுத்த அளவையும், அது இறங்கிய பிறகு எடுத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வானம் கெட்டுவிட்டதாக முடிவுகட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் மேல் வளிமண்டலமே இயற்கையாகக் கூடுதலாக ஒளிரும். ஆகவே ஆண்டுதோறும் அதே பருவத்தில், அதே விண்மீன் நேரத்தில் (அதாவது அதே விண்மீன்கள் தலைக்கு மேலே நிற்கும் நேரத்தில்), அதே இடத்தில் நின்று அளந்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

அப்படி அளந்தாலும் கருவி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடும். நேர் மேலே பார்க்கும் கருவிக்கு அடிவானம் தெரிவதில்லை. உச்சியில் 21.7 என்று பெருமையாகக் காட்டும் இடத்திலேயே, தெற்கில் 15 பாகை உயரம் வரை ஒரு நகரத்தின் வெளிறிய குவிமாடம் எழுந்து நிற்கக்கூடும். அதைப் பிடிக்க, அகலக்கோண வில்லை பொருத்திய சாதாரண டிஜிட்டல் கேமராவை முக்காலியில் நிறுத்தி, நான்கு திசைக்கும் ஒரே அமைப்பில் படம் எடுத்து வைக்க வேண்டும். ஐஎஸ்ஓ, துளை அளவு, திறப்பு நேரம், வெண்சமநிலை ஆகிய நான்கையும் எழுதி வைத்து, ஆண்டுதோறும் மாற்றாமல் அதையே பயன்படுத்தினால் போதும். பிற்காலத்தில் எந்தக் குவிமாடம் வளர்ந்தது, எது சுருங்கியது என்று யாருக்கும் காட்டலாம்.

செயற்கைக்கோள் படங்களை நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். பரந்த ஒப்பீட்டுக்கு நம்பலாம். எல்இடி மாற்றத்தை மதிப்பிட நம்பக்கூடாது. 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளில் உள்ள வியர்ஸ் உணரி 500 நானோமீட்டருக்குக் கீழான நீல ஒளியைப் பார்ப்பதே இல்லை. மஞ்சள் விளக்குகள் வெள்ளை எல்இடிகளாக மாறிய நகரம் அதன் கண்ணுக்கு இருண்டதுபோலத் தெரியும். தரையில் நிற்பவருக்கோ வானம் வெளுத்திருக்கும். 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் தம் கண்ணால் விண்மீன்களைப் பார்த்து அனுப்பிய 51,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, வான ஒளிர்வு ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடிவருவதாகக் கணித்தது. அந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் அது இரட்டிப்பாகிவிடும். செயற்கைக்கோள்கள் காட்டிய உயர்வு அதைவிட மிகவும் குறைவு.

இனித் தெருவிளக்கு. பொதுவாக எல்லாரும் கைவைப்பது இதில்தான், ஏனெனில் அது உள்ளாட்சியின் கையில் உள்ளது. அமெரிக்காவின் டூசான் நகரில் 2019-இல் ஒரு சோதனை நடந்தது. நகராட்சித் தெருவிளக்குகளில் பெரும்பாலானவற்றின் திறனைச் சில இரவுகளில் வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும், விண்ணிலிருந்து தெரியும் ஒளி எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள். நள்ளிரவுக்குப் பின், வழக்கமான மங்கல் நிலையில், தெருவிளக்குகளின் பங்கு 13 விழுக்காடு அளவே இருந்தது. மிச்சம் எங்கிருந்து வந்தது? விளம்பரப் பலகைகள், வாகன நிறுத்தங்கள், கடை முகப்புகள், திடல்கள், தனியார் வளாகங்கள், வீட்டு வாசல்கள் ஆகியவற்றிலிருந்து. மலைப்பகுதியின் விகிதம் வேறாக இருக்கலாம். ஆனால் தெருவிளக்கோடு கணக்கை முடித்துவிடக்கூடாது என்பதற்கு இது போதுமான சான்று.

ஆகவே ஓர் இரவு, பொருத்தமான முகட்டில் ஏறி, கண் இருளுக்குப் பழக அரை மணி நேரம் காத்திருந்து, தெரிகிற ஒவ்வொரு கூசும் புள்ளியையும் வரைபடத்தில் குறியுங்கள். வெளிச்சம் விழுந்த தரை தெரிந்தால் அது பெரிய குற்றமில்லை. விளக்கே தெரிந்தால், அதாவது ஒளிரும் சில்லு கண்ணில் குத்தினால், அது பட்டியலில் ஏற வேண்டியது. பெரும்பாலும் சில டஜன் விளக்குகளே அந்தப் பட்டியலின் பெரும்பகுதியாக அமையும்: சரிவைப் பார்த்துச் சாய்த்து மாட்டிய ஃபோகஸ் விளக்குகள், உயர்கோபுர விளக்குகள், கட்டட முகப்பைக் கீழிருந்து மேலாக நனைக்கும் அலங்கார விளக்குகள், விடிய விடிய எரியும் எல்இடி விளம்பரத் திரைகள், கட்டுமான இடங்கள். மலிவாகக் கிடைக்கும் சூரியசக்தி விளக்குகளை இதில் சேர்க்காமல் விடாதீர்கள்; மின் கட்டணம் இல்லை என்பதால் யாரும் அவற்றை அணைப்பதில்லை, நிறமும் பெரும்பாலும் குளிர்வெள்ளை.

மலைச்சரிவில் ஒரு விளக்கை எப்படி மாட்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொறியாளர்களே இதில் தடுமாறுகிறார்கள். சமவெளிக்காகச் செய்த கம்பத்தில் கை சற்று மேல்நோக்கி, 10 அல்லது 15 பாகை சாய்ந்திருக்கும். வெளிச்சம் சாலையின் மறுபுறம்வரை எட்ட வேண்டும் என்பது நோக்கம். அதே கம்பத்தைச் சரிவின் வெளி விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்து நட்டுவிட்டால், விளக்கின் முகம் எதிர்மலையை நேராகப் பார்க்கிறது. அதை உள்விளிம்பில் அல்லது மலைச்சுவரின் பக்கம் நட்டு, விளக்கின் முகத்தை நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்துத் தட்டையாக்கி, பள்ளத்தாக்குப் பக்கத்துக்கு ஒரு தகட்டு மறைப்பும் இட வேண்டும். சரிவுக்கு இணையாக விளக்கைச் சாய்த்து மாட்டினால் வெளிச்சம் அழகாகப் பரவுவதாகத் தோன்றும். ஆனால் சரிவு 20 பாகை என்றால் விளக்கின் மேல் விளிம்பு வழியே அதே 20 பாகை ஒளி வானத்துக்குத் திறந்துவிடுகிறது. தட்டையாக மாட்டிய விளக்குக்கும் ஒரு குறை உண்டு: கீழ்ச்சரிவில் வசிப்பவர்கள் அண்ணாந்து பார்த்தால் விளக்கின் அடிப்புறம் அவர்கள் சன்னலுக்கு நேராகத் தெரியும். வானம் தப்பினாலும் அவர்கள் தூக்கம் தப்பாது. மறைப்புத் தகடு அதற்கும் சேர்த்துத்தான்.

கோணம் சரியான பிறகு அளவு, நேரம், நிறம் ஆகியவற்றுக்கு வரலாம். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். முழு நிலவின் வெளிச்சம் பெரும்பாலும் 0.3 லக்ஸைத் தாண்டுவதில்லை. நடமாட்டம் குறைந்த குடியிருப்புத் தெருவுக்கு ஐரோப்பியச் சாலை விளக்குத் தரவரிசையின் கடைசிப் படிகள் சராசரியாக 2 முதல் 5 லக்ஸ் வரையே கேட்கின்றன. மலையூர்ச் சந்து ஒன்றில் 20, 30 லக்ஸ் ஊற்றுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு விளக்கின் திறனைப் பாதிக்கும் கீழே இறக்கலாம். நடமாட்ட உணரி வைத்தால் ஆள் வரும்போது மட்டும் ஏறும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். பிரான்சு நாடு 2018-ஆம் ஆண்டு ஆணையில் வெளிப்புற விளக்குகளுக்கு 3,000 கெல்வின் உச்சவரம்பு வைத்தது. இருள் வானைக் காக்க முனையும் மலைப்பகுதிக்கு அது தாராளமான எண் என்றே சொல்வேன். 2,200 கெல்வின் அல்லது அம்பர் நிற எல்இடி எளிதாகக் கிடைக்கும் இந்நாளில் 3,000-இல் நின்றுவிட வேண்டியதில்லை. நிறத்தைச் சூடாக்கிவிட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் பயனில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் சரியான நேரம் விளக்கு மாற்றும் திட்டம் வரும் ஆண்டுதான். ஒருமுறை மாட்டிய எல்இடி பதினைந்து, இருபது ஆண்டு அங்கேயே இருக்கும். ஒப்பந்தப்புள்ளியில் ‘மேல்நோக்கிய ஒளி சுழியம், நிறம் 2,200 கெல்வினுக்கு மிகாமல், மங்கல் வசதி கட்டாயம்’ என்ற மூன்று தொடர்களைச் சேர்க்க ஊர்க்கூட்டத்தில் அரை மணி நேரம் ஆகும். மாட்டிய பிறகு கழற்றக் கோருவதற்கு ஆண்டுகள் ஆகும், பெரும்பாலும் நடக்காது.

பாதுகாப்பு பற்றிய அச்சத்தைக் கேலிசெய்வது தவறு. இருட்டில் தனியாக நடக்கிறவருக்கு அது உண்மையான அச்சம். சான்றுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 62 உள்ளாட்சிகளை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, விளக்குகளை அணைத்ததாலோ மங்கச் செய்ததாலோ சாலை விபத்தும் குற்றமும் கூடியதற்குச் சான்று இல்லை என்றது. மறுபுறம், நியூயார்க் நகரின் பொதுக் குடியிருப்பு வளாகங்களில் 2016-இல் தற்காலிகக் கோபுர விளக்குகளை வைத்துச் செய்த சோதனையில் இரவுநேர வெளிப்புறக் கடுங்குற்றங்கள் 36 விழுக்காடு குறைந்தன. அடர்ந்த பெருநகர வளாகத்தின் முடிவை மலையூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்றாலும், குற்றம் நிகழும் குறிப்பிட்ட இடத்தில் வெளிச்சம் உதவக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அப்படிப்பட்ட இடம் உங்கள் ஊரில் இருந்தால் அங்கே விளக்கு இருக்கட்டும், மறைப்போடு. மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் உண்மையான ஆபத்து கண் கூசுவதுதான்: மறைப்பில்லாத விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஓட்டுநருக்கு, அதிலும் முதியவருக்கு, அடுத்த சில நொடிகள் வளைவின் விளிம்பே தெரியாது. வளைவுகளில் எதிரொளிப்பான் கற்களும் விளிம்புக் கோடுகளும் விளக்கைவிட நன்றாகவே வேலை செய்யும்.

உயிரினங்கள் பற்றிக் கேள்வியில் இல்லை. ஆனால் வானியலில் ஆர்வமில்லாதவர்களை இணங்கவைக்க இதுவே பெரும்பாலும் உதவுகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் அடிவார மலைப் புல்வெளிகளில் எல்இடி தெருவிளக்குகளை நட்டுச் செய்த ஆய்வு 2017-இல் வெளியானது. விளக்கு நட்ட புல்வெளிகளில் இரவுநேர மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளின் வருகை 62 விழுக்காடு குறைந்தது. ஆராய்ந்த ஒரு முட்செடி வகையில் காய்ப்பு 13 விழுக்காடு குறைந்தது, பகலில் வந்த பூச்சிகளால் அதை ஈடுசெய்ய முடியவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவில் பராவ் பெட்ரல் என்ற கடற்பறவை உயர்ந்த மலைச்சரிவுகளில் கூடு கட்டுகிறது. குஞ்சுகள் ஏப்ரல் மாத இரவுகளில் முதன்முறையாகக் கடலை நோக்கிப் பறக்கும்போது ஊர் விளக்குகளால் திசைமாறித் தரையில் விழுகின்றன. விழுந்தவை மீண்டும் எழும்ப முடிவதில்லை. அத்தீவின் ஊர்கள் அந்தப் பருவத்தில் விளக்குகளை அணைக்க முன்வந்தது வானியலுக்காக அல்ல. உங்கள் மலையில் எந்த உயிரினம், எந்த மாதத்தில் என்று வனத்துறையிடமோ உள்ளூர்ப் பறவை ஆர்வலரிடமோ கேட்டறிந்தால் விளக்கணைப்புக்கு ஒரு காலண்டர் கிடைத்துவிடும்.

சட்டமா, உடன்பாடா என்று கேட்டால் இரண்டும் வேண்டும். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம், அருகிலுள்ள லோவெல் வானாய்வகத்தின் பொருட்டு, 1958-இலேயே விளம்பரத் தேடொளி விளக்குகளுக்குத் தடை விதித்தது. 1989-இல் அது இன்னும் ஒரு படி சென்று, ஓர் ஏக்கர் நிலத்தில் இத்தனை லூமனுக்கு (விளக்கு வெளியிடும் ஒளியின் அலகு) மேல் கூடாது என்று மொத்த ஒளிக்கே வரம்பு கட்டியது. என் பார்வையில் இந்த இரண்டாவது விதிதான் முக்கியமானது. மறைப்பிட்ட விளக்குகளே ஆனாலும் எண்ணிக்கை பெருகப் பெருகத் தரையில் பட்டு எழும் ஒளி கூடிக்கொண்டே போகும்; மொத்த அளவுக்கு வரம்பில்லாத விதி, ஊர் வளரும்போது தோற்றுவிடும். ஆல்ப்ஸ் மலைநாடான ஸ்லோவேனியா 2007-இல் நாடு முழுமைக்கும் கொண்டுவந்த ஆணையில் புதிய தெருவிளக்குகள் மேல்நோக்கி ஒளி வீசக்கூடாது என்றதோடு, உள்ளாட்சிகளின் பொது விளக்குகளுக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 44.5 யூனிட் மின்சாரம் என்று உச்சவரம்பும் வைத்தது. மொத்த ஒளியை மின் கட்டணச் சீட்டின் வழியே கட்டுப்படுத்தும் இந்த வழி, அளவுக் கருவியைத் தொட்டறியாத கணக்கருக்கும் புரியும்.

விதியால் தொட முடியாத பக்கத்து நகரத்தை உடன்பாட்டால்தான் தொட வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மோன் மெகாந்திக் மலையின் வானாய்வகத்தைச் சுற்றி 2007-இல் உருவான உலகின் முதல் இருள் வான் காப்பகம், ஷெர்புரூக் நகரத்தையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களையும் இணைத்துக்கொண்டு, 3,000-க்கும் மேற்பட்ட விளக்குகளை மாற்றிய பிறகே அமைந்தது. விளக்கை இலவசமாக மாற்றித்தர வழி வைத்துவிட்டுப் பேசப்போனால் கதவு எளிதில் திறக்கும்.

அங்கீகாரம் பற்றிய கடைசி ஐயத்துக்கு வருகிறேன். 1988-இல் தொடங்கிய, இன்று டார்க்ஸ்கை இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு இதைப் பல வகைகளில் தருகிறது. ‘காப்பகம்’ என்ற வகைக்கு மையப்பகுதியும் சூழ்பகுதியுமாகக் குறைந்தது 700 சதுர கிலோமீட்டர் வேண்டும். சிறிய பகுதிகளுக்கு ‘சமூகம்’, ‘பூங்கா’ போன்ற வகைகள் பொருந்தும். அரசுகளும் தாமாகவே அறிவிக்கலாம்: லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சுற்றி, 1,073 சதுர கிலோமீட்டர் பகுதி 2022 டிசம்பரில் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. அங்கே எனக்குப் பிடித்தது, சுற்றுவட்டாரக் கிராமத்தினர் 24 பேரை வானியல் தூதர்களாகப் பயிற்றுவித்துத் தொலைநோக்கிகளைக் கொடுத்தது. வருமானம் ஊராரின் கைக்கே போகும்போது, அணைக்காத விளக்கை அவர்களே கேட்டுப்போய் அணைக்கிறார்கள்.

அங்கீகாரம் கிடைத்தவுடன் கூட்டம் வரும் என்பதை மறக்க வேண்டாம். விண்மீன் பார்க்க வருபவர்களின் வாகன முகப்பு விளக்குகளும் அவர்களுக்காக எழும் விடுதிகளும் அடுத்த பிரச்சினையாகிவிடும். விடுதி அனுமதி விதியில் வெளிப்புற விளக்கு நிபந்தனையைச் சேர்க்காமல் விண்ணப்பிப்பது பின்னால் வருத்தம் தரும். 2019 முதல் கூட்டங்கூட்டமாக ஏவப்பட்டுப் பெருகிவரும் செயற்கைக்கோள்களின் ஒளிக்கோடுகள் எந்தக் காப்பகத்தின் வேலிக்கும் கட்டுப்படாதவை. அது நாடுகளுக்கிடையே பேசித் தீர்க்க வேண்டியது என்பதால் இங்கே நீட்டவில்லை.

ஆகவே இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம். வரும் வறண்ட பருவத்தில் அளவெடுப்பும் முகட்டுக் கணக்கெடுப்பும் முடியட்டும். அடுத்த விளக்குக் கொள்முதலுக்குள் ஒப்பந்தப்புள்ளியின் மூன்று தொடர்களும் மொத்த ஒளி வரம்பும் ஊர்த் தீர்மானங்களில் ஏறட்டும். மோசமான விளக்குகளின் பட்டியலில் பாதியாவது திருத்தப்பட்ட பின் மறுபடி அளந்து பாருங்கள். விண்ணப்பத்தில் அவர்கள் கேட்பதும் அளவீட்டுப் பதிவு, விளக்குகளின் பட்டியல், நிறைவேற்றிய விதி ஆகியவற்றைத்தான். இவை கையில் இருந்தால் படிவத்தை நிரப்புவதற்குச் சில வாரங்களே போதும்.